காலண்டர்ல தொங்கப் போற மூஞ்சி

கல்யாணமெல்லாம் இல்லக்கா, நீங்க வேற. கை செவந்திருக்கதப் பாத்துட்டுக் கேக்குறீங்க. இது மருதாணி கிடையாது. பொக. கலர் பொக. தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிக்கிறேன், போய்த் தொலைய மாட்டேங்குது. மடியில இருக்கது மாப்பிள்ளச் சட்டைதான், ஆனா மாப்பிள்ளைன்னு ஒருத்தனும் கிடையாது. மதுரையில வாடகைக்கு எடுத்தது, அதத் திருப்பிக் குடுக்கத்தான் போறேன். வெளிய எடுத்துக் காட்ட மாட்டேன். நெஞ்சுல இருந்து தோள் வரைக்கும் ரோஸ் கலரு ஏறிக் கெடக்கு. கடைக்காரன் கேட்டா, குடுக்கும்போதே இப்படித்தான இருந்துச்சுன்னு கேப்பேன். "நீதான வாய் கிழியப் பேசுவ, போ, நீயே போய்ப் பேசு"ன்னு எங்கம்மா பைய மடியில தூக்கிப் போட்டுருச்சு. பேசுறேன். எனக்கென்ன பயம்?

நீங்க திருமங்கலத்துலதான எறங்கணும்? பஸ்ஸு உருட்டிக்கிட்டுத்தான போகுது, நேரம் கெடக்கு. நீங்களா கேட்டுட்டீங்க, இப்பக் கேளுங்க. கேட்டுட்டு யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

எனக்கு ஒரு தம்பி. யுகேந்திரன். ப்ளஸ் டூ படிக்கிறான், காமர்ஸ் குரூப்பு. வாய் செத்த பய. நாலு பேரு முன்னால ஒரு வார்த்த பேச வராது. நான் இல்லன்னா அவன வித்துப்புட்டு வந்துருவாங்க. சின்னப் புள்ளையில இருந்து அவனுக்கும் சேத்து நான்தான் பேசுறேன். கடையில மிச்சக் காசு கொறஞ்சா நான்தான் போகணும். வாத்தியார் அடிச்சா நான்தான் போகணும். காலேஜ்ல பேச்சுப் போட்டியில எனக்கு ரெண்டாவது பரிசு குடுத்தானுங்க, நடுவரோட மேடையிலயே சண்ட போட்டேன். அது வேற கத.

எங்கப்பா சிவகாசியில காலண்டர் ஆபீஸ்ல வேல பாக்குறாரு. வருசா வருசம் எங்க குடும்பத்துக்குன்னு ஒரு காலண்டர் அடிச்சுக்குவோம். மேல அட்டையில திருச்செந்தூர் முருகன், கீழ 'மாரிக்கனி குடும்பத்தார்'னு அப்பா பேரு. சொந்தக்காரங்க எல்லாருக்கும் குடுப்போம். அம்புட்டுதான். யாருக்கும் தொந்தரவு இல்ல. முருகனும் அவர் பாட்டுக்கு நின்னுக்கிட்டு இருந்தாரு.

இந்த வருசம் எங்கம்மாவுக்குக் கிறுக்கு பிடிச்சுருச்சு.

எங்க சித்தி மகளுக்குச் சடங்கு வச்சாங்க. இப்பல்லாம் தெரியும்ல, அவுட்டோர் சூட்டிங், டிரோனு, பல்லக்கு, ஊர் முக்குல ஆளுயர ப்ளெக்ஸு. அதப் பாத்துட்டு வந்ததுல இருந்து அம்மாவுக்கு வயிறு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. "பொட்டப்புள்ளைக்குனா ஒரு சடங்கு இருக்கு. ஆம்பளப் புள்ளையப் பெத்தவ என்னத்தக் காட்டுவா?"ன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், "ஏன், அவனுக்கும் மீசை மொளச்சிருக்கு, பந்தலப் போட்டு ஊரக் கூப்புடு"ன்னு. கரண்டிய எடுத்து வீசுச்சு. குனிஞ்சிட்டேன்.

மறுநா காலையில அப்பாகிட்ட சொல்லுது, "இந்தத் தடவ காலண்டர்ல முருகன் வேண்டாம். எம்புள்ளைய நல்லா போட்டோ எடுத்து அவனப் போடுங்க. ப்ளஸ் டூ படிக்கிற வருசம், சொந்தக்காரங்க வீட்டுச் சொவத்துல பூராம் எம்புள்ள இருக்கணும்."

அப்பா என்னைக்கு அம்மாவ எதுத்துப் பேசிருக்காரு? "சாமி இல்லாத காலண்டர எவன்டி மாட்டுவான்?"னு மட்டும் கேட்டாரு. அதுக்கு அம்மா ஒரு வழி கண்டுபிடிச்சுச்சு பாருங்க. மேல மூலையில முருகனச் சின்னதா போட்டுக்கலாமாம். பாஸ்போர்ட் சைஸுல! உலகத்த மயில்ல சுத்துன ஆளு, பரீட்சைக்கு ஹால் டிக்கெட் எடுக்கப் போற மாதிரி மூலையில ஒட்டிக்கிட்டு நிப்பாரு. இந்த எருமமாடு நடுவுல நிக்கும். சீ, எனக்குக் கேக்கவே ஒடம்பெல்லாம் கூசிருச்சு.

நான் நறுக்குன்னு கேட்டேன். "யம்மா, ரிசல்ட்டு வர்றன்னைக்கு இவன் பெயிலாயிட்டா என்ன பண்ணுவ? ஒவ்வொரு வீடாப் போயிச் சொவத்துல இருந்து கழட்டிட்டு வருவியா?"

தம்பி அங்கதான் உக்காந்து இட்லி தின்னுக்கிட்டு இருந்தான். "யக்கா, நான் என்ன சொல்றேன்னா…"ன்னு ஆரம்பிச்சான்.

"நீ சும்மா இருடா, நான் பேசிக்கிறேன்"னு சொல்லிட்டேன். அவன் பேசி என்னத்த ஆகப் போகுது, அம்மா ஒரு மொறப்பு மொறச்சா தட்டத் தூக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவான். அன்னைக்கும் அப்படித்தான் போனான்.

எனக்கு ஏன் இம்புட்டு வெறின்னு கேப்பீங்க. எனக்குச் சடங்கு வச்சப்ப பதிமூணு வயசு. என்னையக் கேட்டாங்களா? ஒரு வார்த்த? மூஞ்சியில நாலு இஞ்சுக்கு பவுடர அப்பி, பின்னாடி பிளாஸ்டிக் மயில நிப்பாட்டி, அந்தப் படத்தக் கொண்டுபோயி டீக்கட முக்குல கட்டிட்டாங்க. ஸ்கூலுக்கு அந்த வழியாத்தான் போகணும். ஒரு பய என் படத்துக்கு மீசை வரஞ்சு வச்சிருந்தான். பாதி மாசம் அது அங்கயே தொங்குச்சு. ஒருநா விடிய முன்ன நானே போயி பிளேட வச்சுக் கிழிச்சேன். அந்த அசிங்கம் எனக்குத்தான தெரியும்? எனக்கு ஆனது அவனுக்கு ஆகக் கூடாதுன்னு நெனச்சேன். இது தப்பாக்கா? நீங்களே சொல்லுங்க.

இத்தனைக்கும் வீட்ல அவன் போட்டோ இல்லாம இல்ல. பத்தாவதுல எடுத்த குரூப் போட்டோ பிரேம் போட்டு மாட்டிருக்கோம். என்ன, இவன் நின்னது கடைசி வரிச. முன்னால நின்ன வானரம் ஒண்ணு கிளிக் பண்ற நேரம் பாத்து கையத் தூக்கிருச்சு. இவன் மூஞ்சி மறஞ்சு ஒரு காதுதான் தெரியும். வீட்டுக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் அம்மா அந்தக் காதத் தொட்டுக் காட்டி "இதான் எம்புள்ள"ன்னு சொல்லும். எனக்குச் சிரிப்பா வரும். அவன் எந்திரிச்சு உள்ள போயிருவான், என்ன எழவுக்கோ.

சரி, கதைக்கு வர்றேன்.

ஆடிப்பெருக்கு அன்னைக்குத்தான் எங்க ஊர்ல புது வருசக் காலண்டருக்குப் பூச போடுவாங்க. அன்னைக்கு மொதலாளி நம்ம அட்டையவும் சேத்து மெஷின்ல ஏத்துறேன்னு அப்பாவுக்கு வாக்குக் குடுத்துட்டாரு. விட்டா பெறகு கம்பெனி ஆர்டரு குமிஞ்சிரும், நம்மளையெல்லாம் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அதுக்குள்ள போட்டோ எடுக்கணும். எங்கம்மா கால்ல வெந்நி ஊத்துன மாதிரி ஆடுச்சு. ஆடி மாசம்ல, கல்யாணம் காச்சி ஒண்ணும் கிடையாது, ஸ்டுடியோ வச்சிருக்க எபனேசரண்ணன் ஈ ஓட்டிக்கிட்டு இருந்தாரு. அம்மா போயி நின்னதும் ஆளு சாமி வந்த மாதிரி ஆயிட்டாரு.

"மூணு கெட்டப்பு போட்ருவோம்க்கா. ஒண்ணு சேர்வாணி, மகாராஜா மாதிரி, கலர் பொக விட்டு. ஒண்ணு வேட்டி சட்ட. ஒண்ணு டாக்டரு கோட்டு, கழுத்துல ஸ்டெதஸ்கோப்பு."

நான் பின்னாடியே நின்னேன். "அண்ணே, அவன் காமர்ஸ் குரூப்பு"ன்னேன்.

"அதனால என்னம்மா?"

"காமர்ஸ் படிக்கிறவனுக்கு எதுக்கு ஸ்டெதஸ்கோப்பு? பேலன்ஸ் ஷீட்டுக்கு நாடி புடிச்சுப் பாக்கவா?"

எங்கம்மா என் இடுப்புல ஒரு கிள்ளு கிள்ளுச்சு. "வெள்ளக் கோட்டு போட்டா பாக்க லச்சணமா இருப்பான்டி. படத்துல எவன் வந்து குரூப்பக் கேக்கப் போறான்?"

எபனேசரண்ணன் தம்பிய மேலயும் கீழயும் பாத்தாரு. மாட்டுச் சந்தையில பாப்பாங்கள்ல, அந்தப் பார்வ. "தம்பி நெறம் கொஞ்சம் கம்மி. பரவால்ல, கம்ப்யூட்டர்ல நாலு ஷேடு ஏத்திருவோம்."

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "ஏன் அண்ணே, நெறத்துக்கு என்ன கொறச்ச? நாங்க கறுப்புதான். இவனும் கறுப்புதான். அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. அதுல என்ன கேவலம்?"னு கத்துனேன். ஸ்டுடியோவுல போட்டோ வாங்க வந்த பொம்பளப் புள்ளைக ரெண்டு திரும்பிப் பாத்துச் சிரிச்சுச்சுக. சிரிச்சா சிரிக்கட்டும். நியாயத்தப் பேசுறதுக்கு எனக்கு என்ன வெக்கம்?

தம்பி, "யக்கா, விடுக்கா, எனக்கு என்னன்னா…"ன்னு இழுத்தான்.

"ஒனக்கு ஒண்ணும் இல்லடா, நான் பாத்துக்கிறேன்"னேன்.

அம்மா மதுரைக்குப் போயி சேர்வாணி எடுத்துட்டு வந்துச்சு, இவனையும் கூட்டிக்கிட்டு. என்னையக் கூப்புடல, கூப்புட்டா நான் கடையையே கவுத்துருவேன்னு தெரியும். அந்தக் கண்றாவிய இவன்தான் பொறுக்கி எடுத்தான்னு அம்மா சொல்லுது. மெரூன் கலரு, கழுத்துல முத்து. இவனா? தீவாளிக்குச் சட்ட எடுக்கப் போனாக் கூட "எதாச்சும் எடு"ன்னு நிக்கிற பய. அம்மா கைய நீட்டிருக்கும், இவன் தலைய ஆட்டிருப்பான்.

அதுக்கப்பறம் அவனுக்கு ஒடம்புக்கும் ஆகலக்கா. கவலையில வந்ததுதான். பீரோ கண்ணாடி முன்னால போயி நின்னுக்கிட்டு, கழுத்த இப்படி மேல தூக்குவான், அந்தப் பக்கம் திருப்புவான், இந்தப் பக்கம் திருப்புவான். நெஞ்ச நிமித்துவான், விடுவான். நான் பாத்துட்டேன். "என்னடா, சுளுக்கா?"ன்னேன். திருதிருன்னு முழிச்சான். பாவமாப் போச்சு. உக்கார வச்சு கழுத்து பூராம் தைலம் தேய்ச்சு விட்டேன். "பயப்படாதடா, அக்கா இருக்கேன், இந்தக் கூத்த நடக்க விடமாட்டேன்"னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு அவனுக்கு. தைலம் எரிஞ்சிருக்கும்.

ஞாயித்துக்கிழம கண்மாய்க்குப் போனோம். கண்மாய்னா தண்ணி இருக்கும்னு நெனச்சுக்கிறாதீங்க. வெடிச்ச மண்ணு, சுத்தி வேலிக்கருவ, நடுவுல ரெண்டு ஆடு. "பேக்ரவுண்டு நான் சுவிட்சர்லாந்து மாத்திருவேன்க்கா"ன்னு எபனேசரண்ணன் அம்மாகிட்ட சொல்றாரு. சுவிட்சர்லாந்துல எவன்யா சேர்வாணி போட்டுக்கிட்டு நிக்கான்? கேட்டேன். அவரு லென்ஸத் தொடைக்கக் குனிஞ்சுட்டாரு.

அம்மா இவன் மூஞ்சியில பவுடர அப்புது, அப்புது, அப்பிக்கிட்டே இருக்கு. கழுத்து ஒரு நெறம், மூஞ்சி ஒரு நெறம். எனக்கு என் பழைய ப்ளெக்ஸு ஞாவகம் வந்துருச்சு. தாங்க முடியாம, "யம்மா, மாவு டப்பாக்குள்ள விழுந்த எலி மாதிரி இருக்கான். இதையா காலண்டர்ல போடப் போற? காக்கா கூட பயந்துரும்"னேன். எபனேசரண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்காரு. ஆடு மேய்க்க வந்த ஆளும் சிரிக்காரு. அம்மாவுக்கே சிரிப்பு வந்துருச்சுக்கா, முந்தானைய வாயில வச்சு அமுக்குது. இவன் மட்டும் சிரிக்கல. கைக்குட்டைய எடுத்துப் பாதி மூஞ்சியத் தொடச்சான், பெறகு என்ன நெனச்சானோ தொடைக்காம நின்னுட்டான்.

அப்பவே நிறுத்திருக்கணும். நிறுத்துனாங்களா? எபனேசரண்ணன் கலர் பொகக் குச்சியப் பத்த வச்சு மண்ணுல நட்டாரு. எங்க ஊர்ல வெடிக்கும் பொகைக்கும் என்ன பஞ்சம்? ரோஸ் கலரு, குபுகுபுன்னு வருது. "தம்பி, கழுத்தத் தூக்கு. ஆங். நெஞ்ச நிமித்து. சூப்பரு, அப்படியே நில்லு!" இவனும் கழுத்தத் தூக்கிட்டு, அந்தச் சுளுக்கோட, நிக்கான். பல்லு தெரியச் சிரிக்க வேற செய்றான். பயத்துல சிரிப்பாங்கள்ல, அந்த மாதிரி.

எனக்கு அதப் பாத்துக்கிட்டு நிக்க முடியல.

ஓடிப் போயி அந்தக் குச்சியப் புடுங்கிட்டேன். "நிறுத்துங்கடா இந்தக் கருமத்த! அவனக் கேட்டீங்களா? அவனுக்குப் புடிக்குதான்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"ன்னு கத்துனேன். தூக்கி வீசத்தான் போனேன். அம்மா கையப் புடிச்சுருச்சு. நான் இழுக்க, அம்மா இழுக்க, பொக பூராம் இவன் மேல. நெஞ்சு, தோளு, கழுத்துல இருந்த முத்து, எல்லாம். கலரு அப்படியே அப்பிருச்சு. எபனேசரண்ணன் "ஐயோ ஐயோ"ங்காரு, ஆனா வெரல மட்டும் பட்டன்ல இருந்து எடுக்கல, படபடன்னு கிளிக் ஆகிக்கிட்டே இருக்கு.

பொக அடங்குச்சு. ஆடு மட்டும் கத்துச்சு.

அப்பத்தான் அவன் வாயத் தொறந்தான். மெதுவாத்தான் சொன்னான். "யக்கா. அம்மா இல்ல. நான்தான் கேட்டேன்."

"என்னத்தடா?"

"போட்டோ. காலண்டரு. நான்தான் அம்மாகிட்ட கேட்டேன். எனக்கு ஒரு படம் வேணும்னு."

கேட்டானாம்! பாத்தீங்களா அம்மாவோட வேலைய? எப்பச் சொல்லிக் குடுத்துச்சோ, எப்படிச் சொல்லிக் குடுத்துச்சோ, கிளிப்புள்ள மாதிரி ஒப்பிக்கிறான். எந்தம்பிய எனக்குத் தெரியாதா? நான் தூக்கி வளத்த புள்ள. அம்மாவத் திரும்பிப் பாத்தேன், கண்டுபிடிச்சுட்டேன்னு தெரியணும்ல. அது கரையில உக்காந்து பவுடர் டப்பாவ மூடிக்கிட்டே இருக்கு. மூடி நிக்க மாட்டேங்குது, மூடிக்கிட்டே இருக்கு. "நீ பேசுறதுக்குன்னே பொறந்தவடி"ன்னுச்சு, அம்புட்டுதான்.

தம்பி சேர்வாணியக் கழட்டினான். அத்தன கறைக்கும் நடுவுல பொத்தானெல்லாம் ஒழுங்காப் போட்டு, மடிச்சு, அம்மா மடியில வச்சான். பனியனோட கண்மாய்க்குக் குறுக்க நடந்து வீட்டுக்குப் போயிட்டான். எபனேசரண்ணன் பின்னாலயே ஓடுறாரு, "தம்பி, வேட்டி கெட்டப்பு எடுத்துருவோம், சும்மா வா"ன்னு. திரும்பிக்கூடப் பாக்கல. நான் நெனச்சேன், அப்பாடா, புள்ளைய விட்டுச்சுடா சனியன்னு. சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

அன்னைல இருந்து எங்கிட்டப் பேசல. அவன் எப்பவுமே பேச மாட்டான், அதுல ஒண்ணும் இல்ல. அம்மாவும் சரியாப் பேசல, அதுலயும் ஒண்ணும் இல்ல. நடந்த அநியாயத்தக் கேளுங்க.

ஆடிப்பெருக்குக்கு மொத நா சாயங்காலம் அப்பா வந்து நின்னாரு. "காலையில பூச. மெஷின் ஓடணும், படம் குடுங்க. இல்லன்னா பழையபடி முருகனப் போட்டுக்கிறேன்."

நான் முந்திக்கிட்டேன். "முருகனப் போடுங்கப்பா, அவருக்கு என்ன கொற"ன்னேன்.

அம்மா இவனப் பாத்து, "மெஷின் ஓட்டுறத நாளைக்கு ஒரு பொழுது தள்ளிப் போடச் சொல்லுவோம்யா. ஒரே ஒரு படம், ஸ்டுடியோவுக்குள்ளயே வச்சு எடுத்துருவோம். ஒங்கக்காளப் பூட்டி வச்சிட்டுப் போவோம், வர்றியாய்யா?"ன்னு கெஞ்சுது. இவன் மாட்டேன்னு தலைய ஆட்டிட்டான். பெறகு செல்ல எடுத்து அப்பாகிட்ட நீட்டுனான். "இதையே போடுங்கப்பா"ன்னான்.

கண்மாயில நாங்க குச்சிய இழுத்துக்கிட்டு நின்னப்ப எடுத்த படம். எபனேசரண்ணன் அனுப்பி வச்சிருக்காரு, கேலிக்குத்தான் அனுப்பிருப்பாரு. அப்பா ரொம்ப நேரம் பாத்தாரு. இவனையும் பாத்தாரு. "இதவாய்யா?"ன்னாரு. "ஆமாப்பா. இதுதான் நம்ம வீட்டுப் படம்"னான். நான் எகிறிக் குதிச்சேன், கத்துனேன், செல்லப் புடுங்கப் போனேன். அப்பா, வாயில்லாப் பூச்சி, என்னையப் பாத்து "ஒக்காரு"ன்னாரு. ஒரே வார்த்த. வாழ்க்கையில மொத தடவ. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு, ஒக்காந்துட்டேன்.

ஓட்டிட்டாங்கக்கா. மஞ்சள், குங்குமம் வச்சு, சூடங் காட்டி, மெஷின்ல ஏத்தி ஓட்டியே விட்டுட்டாங்க. இனிமே அடுத்த வருசம் பூராம் எங்க சொந்தக்காரங்க வீட்டுச் சொவத்துல எல்லாம் நான் தொங்கப் போறேன். சித்தி வீட்ல, பெரியம்மா வீட்ல, எனக்குப் பாக்குற மாப்பிள்ள வீட்ல கூட ஒண்ணு தொங்கும். காலையில எந்திரிச்சு தேதி கிழிக்கிறவன் பூராம் என் மூஞ்சியிலதான் முழிக்கணும். எப்படிப் பழி வாங்கிருக்கான் பாத்தீங்களா, ஊமக்கொட்டான்? அவனுக்காக நான் சண்ட போட்டதுக்கு இதான் கூலி.

நில்லுங்க, காட்டுறேன். அடிச்ச அட்டையப் படம் புடிச்சு செல்லுல வச்சிருக்கேன். இந்தா, பாருங்க. என் வாயப் பாருங்க, எம்புட்டுப் பெருசாத் தொறந்துருக்கு, கடவாப் பல்லு வரைக்கும் தெரியுது. தலமுடியப் பாருங்க, பேய் புடிச்ச மாதிரி. அம்மா கூட ஓரத்துல நல்லாத்தான் இருக்கு. மேல மூலையில அந்தா முருகன். என்னைய மட்டும்தான் இப்படி அசிங்கமா… என்னது?

தம்பியா?

இருக்கான்க்கா. இந்தா, என் கைக்குப் பின்னாடி. இந்தச் செவந்த கை இருக்குல்ல, தூக்கிருக்கேன்ல, அதுக்குப் பின்னாடி. ரெண்டு வெரலால இழுத்துப் பெருசாக்கிப் பாருங்க. ஆங், அதான். அந்தக் காது அவன்தான்.

ஆமா, அம்புட்டுத்தான் தெரியும். அத விடுங்க, நீங்க என் வாயப் பாருங்கக்கா.